கட்டாத மாடியிலிருந்து வந்த சீர்

உஸ்மான் ரோடு செந்தூர் வேலன் ஜவுளி ஸ்டோருக்கு இரண்டாம் மாடி கட்டியது 1978-இல். அந்த இரண்டாம் மாடியிலிருந்து ஜனங்கள் துணி எடுக்க இறங்கி வர ஆரம்பித்தது 1971 ஆடி மாதத்தில். வருஷம் இடிக்கிறதே என்று யாரும் மலைக்க வேண்டாம், கடையில் இருந்தவர்களே மலைக்கவில்லை. ஆடித் தள்ளுபடி நேரம், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடை வாசல்வரை மனிதத் தலைதான். கீழ்த்தளத்தில் வேட்டி, சட்டைத் துணி. முதல் மாடியில் சேலை. அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும், கடை ஆட்கள் துண்டு காயப்போடும் கொடியும், கை ஒடிந்த ஒரு ஜவுளிப் பொம்மையும் தவிர ஒன்றும் கிடையாது. அந்த மொட்டை மாடிப் படியில், வெயில் ஏறிய ஒரு முற்பகலில், தாடி வைத்த ஒருவர் மாந்தளிர் நிறத்தில் கைத்தறிச் சேலை கட்டி, மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுங்கிடியில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். காட்டினார்கள். இரண்டு எடுத்துக்கொண்டு வந்த வழியே ஏறிப் போனார். பின்னாலேயே ஓடிப் பார்த்த கணக்குப்பிள்ளை, மேலே தொட்டியும் துண்டும்தான் இருக்கின்றன என்று வந்து சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அதே படியில் இன்னும் நாலைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி சண்முகசுந்தரம் ஆறுமுகநேரிக்காரர். உப்பளத்தில் கூலிக்குப் போன வீட்டில் பிறந்து, பட்டணம் வந்து, தலைச்சுமையாகத் துணி விற்று, கடை போட்டு, அந்தக் கடைக்கு ஒரு மாடியும் எடுத்தவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். விஷயம் காதுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வந்தவர்கள் பணம் கொடுத்தார்களா என்பது. கொடுத்தார்கள். பழைய நோட்டு விற்கிற இடத்தில் தேடி வாங்கி வந்ததாம், ஒவ்வொன்றும் கண்ணாடிக் காகித உறையில் பத்திரமாக இருந்தது. அண்ணாச்சி ஒரு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல நோட்டுதாம்ல. வாரவன் எந்த வாசல் வழியா வந்தா நமக்கென்ன? அந்தப் படியில ஒரு டியூப்லைட் போடு, வயசானவிய தடுக்கி விழுந்திரப் போறாவ" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வருஷம் நைலக்ஸ் சேலை விலை ஏறியதைப் பற்றிப் பேசியதில் பாதிகூட இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசவில்லை.

அவர்கள் எந்தக் காலத்துக்காரர்கள் என்று கேட்டால், இனிமேல் வரப்போகிற ஒரு வருஷத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். கேட்ட ஆள் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் வேறு வாடிக்கை கூப்பிட்டதால் விட்டுவிட்டான். கடைக்காரர்களுக்கு நிஜமான சங்கடம் வேறு. உள்ளே நுழைகிற ஆளைப் பார்த்து லேடீஸ் மேலே, ஜென்ட்ஸ் கீழே என்று பிரித்து அனுப்பிப் பழகிய கடை அது. மாடியிலிருந்து வந்தவர்களை அப்படிப் பிரிக்க வழியில்லை. மீசை வைத்தவர் வளையல் போட்டிருப்பார். கிராப்புத் தலையோடு வேட்டி கட்டி வந்தவரைக் கூட வந்த பிள்ளை அம்மா என்று கூப்பிடும். இன்னும் சிலரைப் பார்த்து இன்னார் என்று சொல்லவே முடியாது, அவர்களுக்கும் அதைச் சொல்ல அவசரம் இல்லை. ஒரு விற்பனையாளன் வாய் தவறி, "நீங்க ஆம்பிளையா பொம்பிளையா?" என்று கேட்டுவிட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நடு ரோட்டில் நிறுத்தி நீ ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாய் என்று கேட்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார். "தெரிஞ்சா விலை குறைப்பீங்களா?" என்று கேட்டார். அண்ணாச்சிக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. அன்றைக்கே ஒரு உத்தரவு போட்டார்: படியிலிருந்து இறங்குகிற யாரையும் யாரென்று கேட்கக் கூடாது, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டும். மாடிக்காரர்களுக்கு மட்டும்தான் இந்த உத்தரவு. தெருவாசல் வழியாக வருகிறவர்களுக்குப் பழைய வழக்கம்தான்.

சேலைப் பிரிவில் வெள்ளைத்துரை என்ற பெயரில் ஒருத்தி இருந்தாள். அண்ணாச்சியின் சொந்த அக்கா பிள்ளை. வேட்டி, அரைக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. அப்புறம் ஏன் ஒருத்தி என்கிறாய் என்று கேட்பீர்கள். பின்னால் ஊரே அப்படித்தான் சொல்லப் போகிறது, முன்னால் மட்டும் நான் ஏன் வேறு மாதிரி சொல்ல வேண்டும்? ஜவுளிக் கடையில் சேலை காட்டுகிற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைக்கு முந்தானை விழுகிற அழகு தெரிவதற்காக, சேலையைத் தன் தோளிலேயே போட்டு, கொசுவம் பிடித்து, இடுப்பில் ஒட்ட வைத்துக் காட்டுவார்கள். எல்லோரும் அதைக் கடனே என்று செய்வார்கள். வெள்ளைத்துரை போட்டால் பட்டுச் சேலையும் வாயில் சேலையும் வேறு மாதிரி விழும். பேரம் பேச வாயெடுத்த அம்மாமார்கள் அப்படியே நிறுத்திவிடுவார்கள். மைலாப்பூரிலிருந்தும் அபிராமபுரத்திலிருந்தும் வருகிற மாமிகள், "அந்தப் பிள்ளையாண்டானையே காட்டச் சொல்லுங்கோ" என்று காத்திருந்து எடுத்துப் போவார்கள். அண்ணாச்சி அதைத் தொழில் சூட்சுமம் என்று நினைத்தார். அவளுக்கு அது ஒரு நாளைக்குக் கிடைக்கிற உயிர்மூச்சு. ஒரு சேலை தோளில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவள் அவளாக இருந்தாள். அப்புறம் மடித்து வைத்துவிட்டு வெள்ளைத்துரையாக இறங்கிப்போய் மெஸ்ஸில் சாப்பிட்டாள். மாடிக்காரர்கள் வந்த முதல் வாரமே அவளைப் பார்த்து, "அக்கா, அந்த அரக்கை எடுங்க" என்றார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பானை ஓரம் நின்று அழுதாள்.

மாடிக்காரர்கள் எடுத்த துணியில் முக்கால்வாசி சீருக்குத்தான். அவர்கள் காலத்தில் ஒரு வழக்கம் வந்திருந்தது. அதற்குச் சொன்ன சீர் என்று பெயர். ஒரு பிள்ளை, தான் யார் என்று தனக்குத் தெரிந்ததும் வீட்டில் சொல்லும். சில பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசில் சொல்லும், சிலர் தலை நரைத்து ஓய்வு வாங்கிய பிறகு சொல்வார்கள். சிலர் இதுவும் இல்லை அதுவும் இல்லை என்பார்கள். எப்படிச் சொன்னாலும், பெண் சமைந்தால் செய்வது மாதிரி, காது குத்தினால் செய்வது மாதிரி, தாய்மாமன் தட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டும். தட்டில் புதுத் துணி, தேங்காய், பழம், பூ. மாமன் எதிரே நின்று, அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவனாக இருந்தாலும், முன்பின் பார்க்காதவன் மாதிரி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்பான். பிள்ளை தன் பெயரைச் சொல்லித் தட்டை வாங்கும். அப்புறம் சாப்பாடு. சீர் வந்துவிட்டால் ஊர் வாயை மூடிவிடும், மாமன் முறை செய்த பிறகு மற்றவர்களுக்கு என்ன பேச்சு? அண்ணாச்சி இதைக் கேட்டு வெகுநேரம் தலையாட்டினார். மறுநாளே பித்தளைத் தட்டுகள் வாங்கிப் போட்டு, தன் கையாலேயே சீர்த் தட்டு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். சேலையோ வேட்டியோ இரண்டுமோ, கேட்டதை விசிறி மடிப்பாக அடுக்கி, நடுவில் தேங்காயை நிறுத்தி, ஜரிகை நூலால் சுற்றுவார். உப்பளத்து விரல்கள்தான், ஆனால் தட்டு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளைக்கோ கட்டும்போது அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. "பிள்ளை மனசு குளுந்தா சரி" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. 1973 தீபாவளி விற்பனை முடிந்த கையோடு அண்ணாச்சி தன் மகள் புஷ்பத்தை வெள்ளைத்துரைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார். முறை இருக்கிறது, மாமன் மகள். ஆண் வாரிசு இல்லாத வீடு. கடையையும் மகளையும் ஒரே கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி. ஆறுமுகநேரியிலிருந்து அக்கா சம்மதம் சொல்லி அனுப்பினாள். தை மாதம் முகூர்த்தம். வெள்ளைத்துரையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்பது வழக்கமும் இல்லை. அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாமா சோறு போட்டு வளர்த்த மனுஷன், மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சரி என்று தாலி கட்டினால் புஷ்பத்தின் வாழ்க்கையையும் சேர்த்துக் குழியில் தள்ளுவதாகும். தை பிறக்க நாள் நெருங்க நெருங்க அவள் தோளில் சேலை விழுகிற அழகுகூடக் கெட்டுப் போயிற்று.

மார்கழியில் புஷ்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், பட்டென்று பேசுவாள், சிரித்தால் கீழ்த்தளம்வரை கேட்கும். மாப்பிள்ளையே சேலை காட்டுகிறாரே என்று மற்ற விற்பனையாளர்கள் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்துரை மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை போட்ட ஒரு காஞ்சிபுரத்தை விரித்தாள். கை பழக்கத்தில் தோளில் போட்டாள். எத்தனையோ நாளாக விழாத முந்தானை அன்றைக்கு விழுந்தது. அவள் முகத்தில் ஏறிய வெளிச்சத்தைப் புஷ்பம் பார்த்தாள். கேலி பண்ணியவர்களும் பார்த்தார்கள், ஆனால் அவர்கள் சேலையைத்தான் பார்த்தார்கள். புஷ்பம் கிட்டே நகர்ந்து வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தான், இந்தச் சேலை எனக்கு வேண்டாம். இது உங்க சேலை" என்றாள். வெள்ளைத்துரை சேலையைத் தோளிலிருந்து இறக்கினாள். "என்னட்டி சொல்லுத?" என்றாள். "கண்ணு தெரியாதவளா நான்? சின்னப் பிள்ளையில கோலம் போட எங்கூட மல்லுக்கு நின்னது யாரு? எனக்கு உங்களைப் பிடிக்கும் அத்தான், அதுக்காக உங்களைக் கெட்டிக்கிட்டு ரெண்டு பேரும் ஆயுசு பூரா அழணுமா?" என்றாள் புஷ்பம். சேலையை மடித்து வெள்ளைத்துரையின் மடியிலேயே வைத்தாள். வெளியே வந்து, கூட வந்து கீழே காத்திருந்த அம்மாவிடம், ஒன்றும் பிடிக்கவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரத்தில்தான் வெள்ளைத்துரை மேலே போனாள். கடை ஆட்கள் யார் ஏறினாலும் படி மொட்டை மாடியில்தான் போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு முழங்கால் வலிக்கார மாடிக்காரர் ஒருவர் நிறையத் துணி எடுத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் கை குடுங்களேன்" என்றார். அவள் பார்சலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினாள். துண்டு காய்கிற கொடி வர வேண்டிய இடத்தில் குளிர்ச்சியான ஒரு பெரிய கூடம் வந்தது. அங்கேயும் துணிக் கடைதான், அங்கேயும் கூட்டம், அங்கேயும் தள்ளுபடி. லேடீஸ், ஜென்ட்ஸ் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நிறம் நிறமாக அடுக்கியிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்து உடம்பில் வைத்துப் பார்த்தார்கள். அவள் நின்றாள், நடந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ கிசுகிசுப்பார்கள் என்று வழக்கம்போலக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தவளுக்கு அது முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் முதுகு லேசானது தெரிந்தது. பிறந்ததிலிருந்து தூக்கி வந்த மூட்டையை யாரோ கேட்காமலே இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கூடத்தின் ஓரத்தில் சீர்த் தட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கட்டுகிற அதே விசிறி மடிப்பு, அதே ஜரிகை நூல். கட்டி முடித்தவர் பூச்சரத்தில் ஒரு முழம் வெட்டித் தனியாக வைத்து, "இது சுந்தரவல்லிக்கு" என்றார். யார் சுந்தரவல்லி என்று அவள் கேட்டாள். அது வழக்கம், எல்லாத் தட்டிலும் ஒரு முழம் எடுத்து வைப்போம் என்றார் அவர். முதன்முதலில் சொன்ன சீர் வாங்கிய அம்மாவாம். எந்த வருஷம் என்று தெரியாது, இதே கடையில் கீழ் மாடியில் நடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்களாம். வெள்ளைத்துரை சுற்றிலும் பார்த்தாள். இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றத்தான் செய்தது. "சேலை காட்ட ஆள் வேணும், இருந்துடுங்களேன்" என்று அவர்களும் கேட்டார்கள், உபசாரத்துக்கு இல்லை, மனசாரவே கேட்டார்கள். அப்போதுதான் சுவரில் இருந்த படம் அவள் கண்ணில் பட்டது. சந்தன மாலை போட்டு, சின்ன விளக்கு எரிய, அண்ணாச்சியின் படம். மேலே இருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலே அவளுக்கு மாமன் இல்லை. செத்துப் பல காலம் ஆன மாமன் படத்திலிருந்து இறங்கி வந்தா தட்டு நீட்டுவான்? அவள் பார்சலைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

வந்த வேகத்தில், அந்தப் படபடப்பு அடங்குவதற்குள், கல்லாவுக்கு எதிரே போய் நின்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் செத்துவிட்டது. "அது மாடிக்காரவிய வழக்கம்லே. நமக்கு எதுக்கு அது? ஊருல நான் தலை காட்டாண்டாமா? உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். அடிக்கவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கீழ்த்தளத்து வேட்டி அடுக்கை எல்லாம் கலைத்துத் திரும்ப அடுக்கினார். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணத்தை நிறுத்தவும் இல்லை, பேசவும் இல்லை. வீட்டில் புஷ்பம் விடவில்லை. "ஊர்ல உள்ள பிள்ளைக்கெல்லாம் தட்டு கெட்டிக் குடுத்தியளே அப்பா, உங்க அக்கா பிள்ளைக்கு மட்டும் யாரு வந்து கெட்டுவா?" என்று கேட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

கடையின் பக்கச் சந்தில் தையல் மெஷின் போட்டிருந்த அக்பர் பாஷா ராயப்பேட்டைக்காரர். கடையில் எடுக்கிற சேலைக்கு ரவிக்கை தைப்பது, கரை அடிப்பது அவர் வேலை. புஷ்பம் விட்டுப்போன சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு வெள்ளைத்துரை ஒருநாள் அவர் முன்னால் நின்றாள். யாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. பாஷா துணியை வாங்கிக்கொண்டார். "அளவு இன்னாத்துக்கு? டெய்லி என் கண்ணு முன்னாடி மேல ஏறிக்கினு கீய எறங்கிக்கினு கீற. கை மட்டும் முட்டி வரைக்கும் வெக்கட்டா, அதான் உனக்கு எடுப்பா இருக்கும்" என்றார். அவள் தலையாட்டினாள். "அழுவாதே. துணி நனைஞ்சா சுருங்கிப்பூடும்" என்றார் பாஷா. தைத்த ரவிக்கையை அந்தப் பட்டோடு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் புஷ்பத்திடம் கொடுத்து வைத்தாள். சீர் வராமல் தானாக எடுத்துக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஒளிந்து கட்டுவதென்றால் எப்போதோ கட்டியிருக்கலாமே, மாமன் வந்து யார் என்று கேட்க வேண்டும் என்றுதானே மேலே இருந்து இறங்கி வந்தாள்? சேலைப் பிரிவில் உட்கார்ந்து, படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணாச்சி வருவார், அலமாரியைப் பார்ப்பார், போய்விடுவார். பொங்கல் வந்தது, போயிற்று. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டிய நாளும் வந்தது.

அன்று தை வெள்ளிக்கிழமை. மாடிக்காரர் ஒருவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். நடுத்தர வயசு, தொப்பை, வியர்வை. தங்கச்சி பிள்ளைக்கு அன்றைக்குச் சீராம், நேரமாகிவிட்டதாம், சீக்கிரம் கட்டிக் கொடுங்கள் என்றார். அண்ணாச்சி தட்டை எடுத்து வைத்து ஒரு வேட்டியை மடிக்க ஆரம்பித்தார். விசிறி மடிப்பு வரவில்லை. பிரித்தார், மறுபடி மடித்தார். இத்தனை நாள் யாரிடமும் கேட்காததை அப்போது கேட்டுவிட்டார். "தப்பா நினைக்கக் கூடாது. உங்களுக்கெல்லாம் இது சங்கடமா இருக்காதா?" அந்த மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இருக்காம? வளர்த்த பிள்ளைங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகின வாய் இது. வேணாம், வேற யாராவது செய்யட்டும்னு வீட்டுலயே உக்காந்திருந்தேன்" என்றார். "பெறகு?" என்றார் அண்ணாச்சி. "பெறகென்ன, நான் போகலைன்னா அது வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமே. அதை நினைச்சா இருப்புக் கொள்ளலை. அதான் ஓடியாந்தேன். கட்டுங்க சார், நேரமாகுது" என்றார் அவர். அண்ணாச்சி கட்டினார். கையில் கொடுத்து அனுப்பினார். அவர் படியேறி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு இன்னொரு பித்தளைத் தட்டை எடுத்தார். தேங்காயைத் தட்டிப் பார்த்து, ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றைப் பொறுக்கினார். வாழைப்பழம், வெற்றிலை, மல்லிகை. துணிக்காக அவர் அலமாரியைத் தேடவில்லை. புஷ்பத்துக்கு ஆள் அனுப்ப, அவள் மாம்பழ நிறப் பட்டை வெள்ளைத்துரையின் பெட்டியிலிருந்து ரவிக்கையோடு எடுத்து வந்து, சிரிக்காமல் கொடுத்தாள். அண்ணாச்சி விசிறி மடிப்பாக அடுக்கினார். கடை நிறையக் கூட்டம், வெள்ளிக்கிழமை அல்லவா. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் சேலைப் பிரிவுக்கு ஏறும்போது பில் போடுகிறவர் பேனாவை நிறுத்தினார், அக்பர் பாஷா மெஷினை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். மெத்தையில் உட்கார்ந்து நைலக்ஸ் காட்டிக்கொண்டிருந்தவள் செருப்புச் சத்தம் கேட்டு, பழக்கத்தில் நிமிர்ந்தாள். எழுந்து நின்றாள். அண்ணாச்சி எதிரே வந்து நின்றார். தட்டை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தார். பச்சைப் பிள்ளையாக இருந்தபோது மடியில் வைத்து மொட்டை போட்ட மாமன், முன்பின் பார்க்காதவரைப் போல, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"சுந்தரவல்லி, மாமா" என்றாள் அவள்.

அந்தப் பெயரை முதலில் யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் மாடியிலிருந்து கொண்டு வந்தாள், மாடிக்காரர்கள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சீர் வழக்கமும் அப்படித்தான். அண்ணாச்சி அவர்களிடம் கற்றார், அவர்கள் அண்ணாச்சியிடம் கற்றார்கள். அதை ஆராய்ந்து பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. பார்த்துக்கொண்டிருந்த மைலாப்பூர் மாமி ஒருத்தி, "நன்னாயிருக்கு, நன்னாயிருக்கு, இப்பவாவது அந்த முந்தானைக்கு ஒரு நியாயம் கெடச்சுதே" என்று சொல்லி ஒரு ரூபாய் மொய் வைத்தாள். கடை ஆட்களுக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அண்ணாச்சியின் பழைய உத்தரவு ஞாபகம் வந்து, "அக்கா, அடுத்த வாடிக்கைக்கு என்ன எடுக்கட்டும்?" என்று கேட்டார்கள். புஷ்பம்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். "மதினி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. மத்தியானம் எல்லோருக்கும் பாயசத்தோடு சாப்பாடு.

கல்யாணம் நின்ற சேதி போய்ச் சேர்வதற்குள், சுந்தரவல்லியின் அம்மா ஆறுமுகநேரியிலிருந்து கல்யாணத்துக்கென்று முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வந்த இடத்தில் கல்யாணம் இல்லை, சேலை கட்டிய பிள்ளை இருந்தது. சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், தம்பியைக் கண்டபடி ஏசினாள். சீர் செய்துவிட்டேன் அக்கா என்று அவர் சொன்னதும் ஏச்சு நின்றது, தம்பி முறை செய்ததைத் தான் தள்ளுவது எப்படி? சித்திரை பிறந்து ஒரு காலையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இங்கன வா. முடி வளந்து பரட்டையாக் கெடக்கு, பாக்கச் சகிக்கல" என்று கூப்பிட்டாள். சுந்தரவல்லி முன்னால் போய் உட்கார்ந்தாள். அம்மா எண்ணெய் வைத்துச் சீவி, பின்ன வராத நீளத்தைப் பின்னப் பார்த்து, கடைசியில் ரிப்பன் கட்டினாள். முறுக்கை அதற்குள் கடை ஆட்கள் தின்று தீர்த்திருந்தார்கள்.

அப்புறம் வந்த வருஷங்கள் நல்லபடியாகவே போயின. புஷ்பம் கடை நிர்வாகத்தைக் கையில் எடுத்து, அப்பாவைவிடக் கறாராக நடத்தினாள். தரமணியில் வாத்தியார் வேலை பார்த்த ஒருவரைத் தானாகவே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டாள், அந்தக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சுந்தரவல்லி. தெருவில் பேசாதவர்கள் இல்லை. கொஞ்ச நாள் கடை வாசலில் நின்று சிரித்தார்கள், சிரித்துவிட்டு உள்ளே வந்து சேலை எடுத்தார்கள், எடுப்பதற்கு அவளிடமே யோசனை கேட்டார்கள். அடையாற்றில் வெள்ளம் வந்த வருஷம், மாடிக்காரர்கள் மழை என்றால் என்ன என்று மறந்தவர்கள் போலக் கீழே வந்து ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1978-இல் அண்ணாச்சி ஒருவழியாக அனுமதி வாங்கி இரண்டாம் மாடியைக் கட்டினார். கட்டி முடித்து, பால் காய்ச்சி, ரிப்பன் வெட்டப் போனபோது, அது சாதாரணச் சுண்ணாம்பு வாசனை அடிக்கிற கூடமாக இருந்தது. மாடிக்காரர்கள் இனி வரமாட்டார்களோ என்று கடையில் கொஞ்சம் கவலைதான். அடுத்த நாளே மூன்றாம் மாடியிலிருந்து வர ஆரம்பித்தார்கள். புஷ்பம் அந்தப் படிக்கும் ஒரு டியூப்லைட் போடச் சொன்னாள்.

அந்த இரண்டாம் மாடிக்குச் சுந்தரவல்லிதான் பொறுப்பு. லேடீஸ், ஜென்ட்ஸ் என்று போர்டு எழுத வந்த பெயிண்டரை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அண்ணாச்சி வயசு காரணமாகப் படியேறுவதைக் குறைத்துக்கொண்டார், தட்டு மட்டும் கீழே உட்கார்ந்து அவரேதான் கட்டினார். 1979 ஆவணியில் ஒருநாள் பிற்பகல், ராயப்பேட்டையிலிருந்து ஒரு மனிதர் வந்தார். பெயர் கருணாகரன், லாரி ஷெட்டில் மேஸ்திரி. கூடவே பாவாடை தாவணி போட்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பிள்ளை. அவர்கள் மேல்படி வழியாக இறங்கவில்லை. உஸ்மான் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவாசல் வழியாக, கீழிருந்து ஏறி வந்தார்கள். கருணாகரன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்ம அக்கா பொண்ணு. அதாவது, பொண்ணு இல்லையாம். பையனாம். இப்பதான் சொல்லிச்சு. இங்க தட்டு இன்னாமோ கட்டித் தராங்கோன்னாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

சுந்தரவல்லி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை, அதைக் கேட்க வேண்டியவர் கூடவே நின்றுகொண்டிருந்தார். நல்ல வேட்டியாக ஒன்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக் கரையைக் காட்டினாள். பிள்ளை சிரித்தது. தட்டு கீழேயிருந்து கட்டி வந்தபோது அண்ணாச்சியும் அன்றைக்குக் கூடவே மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார், தெருவாசல் வழியாக வந்த முதல் மாமனைப் பார்க்க வேண்டும் என்று. சுந்தரவல்லி பூச்சரத்தை அவிழ்த்து, வழக்கப்படி ஒரு முழம் தனியாக வெட்டினாள். அது யாருக்கு என்று கருணாகரன் கேட்டார். "எனக்குத்தான்" என்று சொல்லித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு, சட்டைக்கு அளவு எடுக்க அக்பர் பாய் கீழே சந்தில் இருக்கிறார், ஐந்து மணிக்குள் போனால் இன்றைக்கே வெட்டிவிடுவார் என்று வழி சொன்னாள்.